கூடையில்லாமல் கிள்ளிய கொழுந்து

டீ பார்க்க இந்தியாவுக்குப் போகிறேன் என்று சொன்னதும் இலங்கை மலையில், ஹட்டனில், என் டீக்கடைக்கு வருகிற ஆட்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். என் கடை வாசலில் நின்று கல்லை எறிந்தால் அது தேயிலைச் செடியில்தான் விழும். "அக்காவுக்கு ஊர் சுத்த ஒரு சாக்கு" என்றான் பஸ் நிலையத்தில் லாட்டரி விற்கும் செல்வம். பாதி உண்மை. ஆழ்வார்குறிச்சியில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் இருந்தது. மீதிப் பாதிக்குக் காரணம் ஒரு தகர டப்பா.

டப்பா போன வருஷம் வந்தது. அனுப்பியவள் என் மதினி பேச்சியம்மா. என் பெரியப்பா குடும்பம் எழுபதுகளில் கப்பலேறித் தாயகம் திரும்பிய கூட்டத்தோடு போய், விக்கிரமசிங்கபுரத்தில் மில் வேலையில் ஒட்டிக்கொண்டது. அந்த வீட்டு மருமகள்தான் மதினி. டப்பாவுக்குள் தேயிலை இல்லை, காட்டுத்துளசி இலையைக் காயவைத்து நொறுக்கிய தூள். பாபநாசத்துக்கு மேலே மலையில் காணிக்காரப் பழங்குடிப் பெண்கள் தாங்களே பயிர் செய்து, தாங்களே காயவைத்து, தாங்களே விற்கிறார்கள் என்று போனில் சொன்னாள்.

என் கடைக்கு வரும் வெள்ளைக்காரர்கள் மூலிகைத் தேநீர் இருக்கிறதா என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. ஆசையோடு ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். வைக்கோல் ஊறிய தண்ணீர் மாதிரி இருந்தது. ஆனால் தொண்டையில் இறங்கும் கடைசி நொடியில் ஏதோ ஒரு வாசனை எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது. நான் கொழுந்து வாசனையிலேயே பிறந்து வளர்ந்தவள். அப்படி எட்டிப் பார்ப்பதை விட்டுவிட என்னால் முடியாது.

திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கியதும் முதல் வேலையாக ஒரு டீக்கடையைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, ஒரு பிளேன்டீ. சீனியைத் தனியாக் கையில குடுங்க."

அவர் கண்ணாடித் தம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பக்கத்தில் வடை தின்றுகொண்டிருந்தவர், "கட்டஞ்சாயா கேக்காவ வே" என்று எடுத்துக்கொடுத்தார்.

"அது புரியுது. சீனியைக் கையில வாங்கி என்ன செய்யப் போறாவ?"

நான் உள்ளங்கையை நீட்டினேன். ஒரு கரண்டி சீனி விழுந்தது. ஒரு நக்கு, ஒரு மிடறு, மறுபடி ஒரு நக்கு. எங்கள் மலையில் பிள்ளை குட்டி முதல் கிழம் வரை இப்படித்தான் குடிப்போம். அண்ணாச்சி, வடைக்காரர், மூட்டையோடு நின்ற இன்னும் இரண்டு பேர் எல்லாரும் டிவி பார்ப்பதுபோல் பார்த்தார்கள். "சிலோன்லருந்து வாரீயளோ?" என்றார் அண்ணாச்சி கடைசியில். ஆமாம் என்றதும் காசு வாங்க மறுத்துவிட்டார். டீ பரவாயில்லை. தூள் பழசு. சும்மா கொடுத்த மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வது.

விக்கிரமசிங்கபுரத்தில் மதினி வீட்டில் தங்கினேன். அங்கே தாமிரபரணித் தண்ணீரை ஒரு மருந்து மாதிரி குடிக்கச் சொல்கிறார்கள். வந்தவர்களுக்கு முதலில் அதுதான். குடித்துவிட்டு ருசி எப்படி என்று நாம் சொல்லும் வரை கண்ணெடுக்காமல் நிற்கிறார்கள். தண்ணீர் நன்றாகவே இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் தண்ணீருக்கு யாரும் இவ்வளவு பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை, மழையைத் திட்டவே எங்களுக்கு நேரம் போதாது.

மறுநாள் காலை காரையாறு பஸ். மலைக்குப் போக அனுமதி வாங்கிய கதையை எழுதினால் படிப்பவர்கள் ஓடிவிடுவார்கள், விட்டுவிடுகிறேன். சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள். என் பாஸ்போர்ட்டைப் புரட்டிய காவலர், "ஹட்டனா? அது எந்த ஜில்லா?" என்றார். நுவரெலியா என்றேன். தெரிந்தவர்போல் தலையாட்டித் திருப்பிக் கொடுத்தார்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் ஒரு நடுத்தர வயதுப் பெண். அவள் கையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் கறுத்து, நகத்தோரம் வெடிப்பு. கொழுந்து கிள்ளிய கை எந்த நாட்டிலும் ஒரே கைதான். மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தை மூடிவிட்டார்கள், கீழே வந்து வாடகை வீட்டில் இருக்கிறோம் என்றாள். கோயிலுக்குப் போகிறாளாம். "அத்தனை வருசம் கிள்ளினோம். ஒரு செடியக் கூட எங்களுதுன்னு சொல்ல முடியல" என்றாள். எங்கள் குடும்பத்திலும் நாலு தலைமுறை கிள்ளியிருக்கிறது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், கோயில் நிறுத்தம் வரும் வரை.

அணைக்குப் பக்கத்தில் இறங்கி ஒற்றையடிப் பாதையில் ஏறினால் காணிக் குடியிருப்பு. மதினி முன்பே சேதி அனுப்பியிருந்ததால் வேலம்மா பாதி வழிக்கே வந்து காத்திருந்தாள். ஏழு பெண்கள் சேர்ந்து செய்யும் இந்த மூலிகை டீத் தொழிலுக்கு அவள்தான் தலைவி. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், குட்டையான உருவம், வேகமான நடை. நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து, "மலைக்காரின்னு சொன்னாவ?" என்று கேட்டு முதல் அடியிலேயே என்னை வீழ்த்தினாள். கடையில் உட்கார்ந்தே இருபது வருஷம் ஆயிற்று தாயே என்றேன்.

முதலில் சாப்பாடு. வேகவைத்த காச்சில் கிழங்கு, வெள்ளை வெளேரென்று மாவு பூத்து. தொட்டுக்கொள்ள காந்தாரி மிளகாயும் உப்பும் சின்ன வெங்காயமும் அரைத்த துவையல். அந்த மிளகாய் எங்கள் கொச்சிக்காயின் உடன்பிறப்பு. கண்ணில் தண்ணீர் வர, மூக்கை உறிஞ்சிக்கொண்டே நாலு துண்டு தின்றேன். வேலம்மாவின் தம்பி மனைவி பொன்னுத்தாய் கேட்காமலே ஐந்தாவது துண்டை வைத்தாள். அவள்தான் இலை காயவைக்கிறவள், சிரித்த முகம், ஆனால் சிரிப்பு அடிக்கடி நடுவிலேயே நின்றுவிடும். ஏன் என்று பிறகு தெரிந்தது.

அடுத்து அவர்களுடைய டீ வந்தது. ஏழு பெண்களும் சுற்றி நின்றார்கள். குடித்தேன். டப்பாவில் குடித்த அதே வைக்கோல்.

பொய் சொல்ல எனக்கு வராது. "கிழங்குக்கு நான் இன்னொரு தடவை கடல் தாண்டி வருவேன். இந்தத் தண்ணிக்கு வரமாட்டேன்" என்றேன்.

யாரும் முகம் சுளிக்கவில்லை. வேலம்மா மட்டும் மெதுவாகச் சொன்னாள். "கீழ ரெண்டு கடையில வாங்குனாவ. நல்ல காரியம் செய்யுதீயன்னு பாராட்டத்தான் செஞ்சாவ. ஒருத்தரும் ரெண்டாவது டப்பா வாங்கல."

பிறகு விஷயத்தை உடைத்தாள். இந்த டீ விற்றால்தான் ஏழு பேரும் இங்கே இருக்க முடியும். பொன்னுத்தாய்க்கு ஏற்கெனவே திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து ஆள் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறான். "அவ போனா இன்னும் ரெண்டு பேரு பின்னாலயே போவாவ. ஆள் இல்லாத தோட்டத்துல பன்னிதான் நிக்கும். காச்சிலு, சேம்பு, அவரை எல்லாம் அது வயித்துக்குள்ள போயிரும். அப்புறம் நாங்களும் ரேசன் அரிசிய மட்டும் பொங்கித் திங்க வேண்டியதுதான்."

அந்தக் கிழங்கை இப்போதுதான் தின்று முடித்திருந்தேன். அதனால் அவள் சொன்னது நேராக வயிற்றில் போய் உட்கார்ந்தது.

தோட்டம் பார்க்கப் போனோம். எங்கள் எஸ்டேட் மாதிரி ஒரே செடி மலை முழுக்க இல்லை. மரத்தில் காச்சில் கொடி ஏறியிருந்தது, அடியில் சேம்பு, வெயில் விழுந்த இடத்தில் மரச்சீனிக் கிழங்கு, அப்பால் பூசணி, அவரைப் பந்தல். இதற்கெல்லாம் வேலி போட்டதுபோல் வரிவரியாக இடுப்பளவு காட்டுத்துளசி. வேலம்மா முன்னால் நடந்துகொண்டே பேசினாள். காச்சில் தோண்டினால் கொடியோடு தலைப்பக்கத்தை வெட்டி அதே குழியில் வைத்து மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷம் அந்தக் குழியில் ஒன்றும் இருக்காது என்றாள். நான் பின்னால் ம், ம் என்று கேட்டபடி நடந்தேன். நல்ல காற்று. நல்ல வாசனை. அந்த எட்டிப் பார்த்த வாசனை இங்கே தாராளமாக வீசியது.

வரி முடியும் இடத்தில் வேலம்மா திரும்பினாள். பேச்சை நிறுத்தினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தாள்.

நானும் திரும்பிப் பார்த்தேன். நான் நடந்து வந்த வரி முழுக்க ஒரு செடிக்கும் உச்சி இல்லை. கிள்ளிய உச்சி எல்லாம் எனக்குப் பின்னால் தரையில் கொத்துக் கொத்தாகக் கிடந்தது.

என் கை செய்த வேலை. பதினைந்து வயதில் பழகிய கை. இடுப்பளவு செடி, நேர் வரி, இரண்டு பக்கமும் பச்சை. அது போதும், கை என்னைக் கேட்காமலே வேலைக்கு இறங்கிவிட்டது. இரண்டு கையாலும் கிள்ளி, பிடி நிறைந்ததும் தோளுக்கு மேலே பின்னால் எறிந்திருக்கிறேன். முதுகில் கூடை இல்லை என்பதைக்கூட அது கவனிக்கவில்லை.

"யாரு உங்களக் கிள்ளச் சொன்னா?" என்றாள் வேலம்மா.



"உச்சிய நாங்க தொடமாட்டோம். கீழ முத்துன எலையத்தான் பறிப்போம். உச்சியிலதான் பூ வரும். பூ வந்தாத்தான் தேனீ வரும். தேனீ வந்தாத்தான் பூசணி பிடிக்கும், அவரை பிடிக்கும். பெட்டியில தேன் இருக்கும். ஒரு வரிய மொட்டையடிச்சுப்புட்டு நிக்கீயளே!"

எத்தனையோ கங்காணிகளிடம் திட்டு வாங்கியவள் நான். எல்லாமே குறைவாகக் கிள்ளியதற்காக. அதிகம் கிள்ளியதற்காக ஒருத்தி திட்டியது வாழ்நாளில் இதுதான் முதல் தடவை. திட்டும்போது அவள் செடியைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். தன் செடி என்றால் மனுஷருக்கு இப்படிக் கோபம் வரும் என்பதை நான் அங்கேதான் பார்த்தேன். வெட்கமாகவும் இருந்தது, சொல்லப்போனால் பொறாமையாகவும் இருந்தது.

குனிந்து பொறுக்கினேன். பொன்னுத்தாயும் வந்து பொறுக்கினாள். வீட்டுக்குக் கொண்டுபோய் சுளகில் பரப்பினேன். வீணாக்க மனசு வரவில்லை. "இது வாடட்டும். நாளைக்கு நான் வந்து ஒரு வேலை பாக்கணும், விடுவீங்களா?" என்று கேட்டேன். வேலம்மா சுளகை நிழலுக்கு நகர்த்தி வைத்தாள். 

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் போனேன். உச்சி இலைகள் வாடி, மெத்தென்று ஆகியிருந்தன. உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துச் சாறு கசியும் வரை உருட்டினேன். ஈரத்துணி போட்டு மூடி, நிறம் மாறும் வரை காத்திருந்து, இரும்புச் சட்டியில் மெல்லிய சூட்டில் வறுத்தேன். எங்கள் லயத்து வீட்டில் கொஞ்சம் பச்சைக் கொழுந்து மடியில் வந்துவிட்டால் அம்மா இப்படித்தான் செய்வாள். வாசனை எழும்பியதும் பொன்னுத்தாய் அடுப்பை விட்டு நகரவில்லை.

ஊற்றினேன். செம்பு நிறம். முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது. வைக்கோல் போன இடம் தெரியவில்லை. துளசியின் காரம், பின்னால் ஒரு தேன் இனிப்பு, அதற்கும் பின்னால் மழை பெய்த காட்டின் மணம். டப்பாவிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடியது இதுதான். 

ஏழு பேரும் குடித்தார்கள். காணிக்காரர்கள் தங்களுக்குள் பேசுவது தமிழும் மலையாளமும் கலந்த வேறொரு பேச்சு. மெதுவாகப் பேசினால் எனக்குப் பாதி பிடிபடும். பொன்னுத்தாய் மெதுவாகத்தான் பேசினாள்.

"இப்படி ஒன்றைச் செய்தால் நான் எதற்குத் திருப்பூர் போகிறேன்? எல்லா வரியையும் கிள்ளிவிடலாம்."

"கிள்ளலாம். அப்புறம் பூசணிக்கு நீ போய் மகரந்தம் தடவுவாயா?" இது வேலம்மா.

"ஒரே ஒரு வருஷம் மட்டும்."

"ஒரு வருஷம் தேனீ வராவிட்டால் அது வேறு காட்டுக்குப் போய்விடும். போனதைக் கூப்பிட உனக்குத் தெரியுமா?"

 வேலம்மா என் பக்கம் திரும்பித் தமிழுக்கு வந்தாள். "நல்லாத்தான் இருக்கு. இல்லேங்கல. ஆனா உச்சியக் கொடுக்க முடியாது."

எனக்குக் கோபம் வந்தது. கையில் தங்கத்தை வைத்துக்கொண்டு வேண்டாம் என்கிறாளே என்று. அதைச் சொல்லியும் விட்டேன். "அப்ப இந்தப் பிள்ளை பனியன் கம்பெனிக்குப் போகட்டும், பன்னி வந்து கிழங்கைத் தின்னட்டும்" என்றேன். சொன்ன பிறகுதான் பொன்னுத்தாயின் முகத்தைப் பார்த்தேன். சொல்லியிருக்கக் கூடாது. வேலம்மா தம்ளர்களைக் கழுவப் போய்விட்டாள். சட்டியில் மிச்சமிருந்த தூளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு என் கையில் திணித்தாள் பொன்னுத்தாய். இறங்கும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு குரங்கு ஜன்னல் வழியே கையை விட்டபோதுகூட வாழைப்பழத்தைக் கொடுத்துவிட்டு டப்பாவைத்தான் பிடித்துக்கொண்டேன்.

பிறகு கல்யாண அமளி. ஆழ்வார்குறிச்சியில் சொந்தம் பந்தம் எல்லாம் கூடி, என் தமிழைப் பேசச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். கல்யாணத்துக்கு மறுநாள் சொதிச் சாப்பாடு. சொதி என்றதும் நான் அலட்சியமாக உட்கார்ந்தேன், எங்கள் வீட்டில் தினமும் இடியாப்பத்துக்கு ஊற்றும் தேங்காய்ப்பால் தண்ணீர்தானே. இங்கே அது மாப்பிள்ளையாகிவிட்டிருந்தது. கெட்டிப் பால், முருங்கைக்காய், காரட், உருளைக்கிழங்கு, பக்கத்தில் இஞ்சித் துவையல். பெயர் ஒன்று, வாழ்க்கை வேறு. மூன்று தடவை வாங்கிக்கொண்டேன்.

ஆனால் மனசு மலையிலேயே நின்றது. ஊருக்குத் திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது மதினியிடம் சொன்னேன்.

"ஒரு தடவை போய் மன்னிப்பாவது கேட்டுட்டு வந்துடுறேன்."

"பைய போங்க, அவ கோவம் ஒண்ணும் நெலச்சு நிக்காது" என்றாள் மதினி.

நான் அந்த வரியை மொட்டையடித்துப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. நடுவில் நல்ல மழை வேறு.

அந்த மழையின் மிச்சம் வழியில் கிடந்தது, ஒரு மரம் ரோட்டுக்குக் குறுக்கே. பஸ் நின்றது. ஹட்டனாக இருந்தால் டிரைவர் அரை மணி நேரம் போன் பேசுவார், நாங்கள் அரை மணி நேரம் அரசாங்கத்தைத் திட்டுவோம். இங்கே கண்டக்டர் இறங்கி, "ஏலே, யாருட்டயும் வெட்டுக்கத்தி இருக்கா?" என்றார். நாலு இருக்கையிலிருந்து நாலு கத்தி வந்தது. நானும் இறங்கிக் கிளையை இழுத்தேன். "அம்மா, நீங்க தள்ளி நில்லுங்க, பாஸ்போர்ட்டுக்காரவ" என்றார் சாவடியில் என்னைப் பார்த்த யாரோ. அதைக் கேட்டு இன்னும் பலமாக இழுத்தேன். போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது, கடைசி பஸ்ஸுக்கு அதிக நேரம் இல்லை.

வேலம்மா வீட்டில் இல்லை, தோட்டத்தில் இருந்தாள். என் வரியில்தான் நின்றாள். என்னைக் கண்டதும் வாங்க என்றுகூடச் சொல்லாமல், "இங்கன வந்து பாருங்க" என்றாள்.

நான் கிள்ளிய ஒவ்வொரு காம்புக்கும் கீழே, இலைக்கக்கத்தில், இரண்டு இளங்கிளைகள் எழும்பியிருந்தன. ஒரு உச்சி இருந்த இடத்தில் இரண்டு உச்சி. வரி முழுக்க. மற்ற வரிகளைவிடக் குட்டை, ஆனால் அடர்த்தி.

எஸ்டேட்டில் கவ்வாத்து வெட்டுவதைப் பார்த்தே வளர்ந்த எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தேயிலையை யாரும் பூக்க விடுவதில்லை, அதனால் பூவையும் கிளையையும் சேர்த்து நான் யோசித்ததே இல்லை.

"மிளா கடிச்ச செடி இப்படித்தான் ரெண்டாத் தளுக்கும்" என்றாள் வேலம்மா. மிளா என்றால் பெரிய மான், ராத்திரியில் தோட்டத்துக்கு வரும். "சின்ன வயசுலருந்து பாக்கத்தான் செய்யுதேன். மிளா கடிச்ச செடியும் பூக்கத்தான் செய்யுது. ஆனா எங்க கையும் மிளா வாயும் ஒண்ணுன்னு ஒருநாளும் நெனைக்கல. நீங்க வந்து மேஞ்சுட்டுப் போன பெறவுதான் தோணுச்சு."

பின்னால் வந்து நின்ற பொன்னுத்தாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மிளாக்கா!" என்றாள். அந்த நிமிஷத்திலிருந்து அதுதான் என் பெயர்.

நான் அவசரக்காரி. உடனே கணக்குப் போட்டேன். "அப்ப இந்த ரெண்டையும் கிள்ளுனா நாலு..."

"மிளா ஒரு தடவைதான் மேயும்" என்று வெட்டினாள் வேலம்மா. "துளசி வாசம் அதுக்கு ஆவாது. ஒரு வாய் வச்சுப் பாத்துட்டுப் போயிரும். நாங்களும் அம்புட்டுத்தான். மொட்டு வைக்கிறதுக்கு முந்தி ஒரு தடவை. அப்புறம் உச்சி பூவுக்கு."

அதுவும் இப்போதே இல்லை என்றாள். இந்த வரி பூக்க வேண்டும். பூத்தால் போதாது, தேனீ வர வேண்டும். இரண்டும் நடந்தால் அடுத்த மழைக்குப் பிறகு எல்லா வரியிலும் ஒரு கிள்ளு, அதில் என் கடைக்கும் பங்கு. நடக்காவிட்டால் உச்சி டீ என்ற பேச்சே கிடையாது. "எலை டீயும் விக்காது. அப்ப இந்தத் தொழிலையே மூட வேண்டியதுதான். அதையும் பேசி வச்சுட்டோம்."

நான் பொன்னுத்தாயைப் பார்த்தேன்.

"பூக்குற வரைக்கும் இருக்கேன்னு சொல்லிருக்கேன்" என்றாள் அவள். "திருப்பூர்க்காரன்ட்டயும் அப்படித்தான் சொன்னேன். பூவுக்காடி காத்திருக்கன்னு அவன் சிரிக்கான்."

அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கையில் ஒரு காச்சில் கிழங்கை வைத்துக்கொண்டு, "இத ஊருக்குக் கொண்டுபோவ விடுவாவளா?" என்று கேட்டாள். விடமாட்டார்கள் என்றதும் அங்கேயே சுட்டுக் கொடுத்தாள். கடைசி பஸ்ஸின் ஹாரன் அணைப்பக்கம் கேட்டது. வாயில் சூடான கிழங்கோடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மலையிறங்கி ஓடினேன். டிரைவர் எனக்காக நிறுத்தி வைத்திருந்தார்.

ஹட்டனில் மழை. கடை, பாக்கி, பிளேன்டீ, ரொட்டி, சம்பல், பழைய வாழ்க்கை. பொன்னுத்தாய் கொடுத்த சின்ன டப்பாவை அலமாரியில் வைத்தேன், சேதி வரும் வரை திறப்பதில்லை என்று. வெள்ளைக்காரர்கள் கேட்டார்கள், இல்லை என்றேன். "இவ்வளவு தூரம் போய் ஒரு டப்பா, அதையும் பூட்டி வச்சுக்கிட்டு" என்று செல்வம் தினமும் வம்பிழுத்தான்.

மலையில் போன் எடுக்காது. அணைக்கரை வரை இறங்கி வந்தால்தான் சிக்னல். அதனால் எனக்கு ஒரு நாளும் நிம்மதியில்லை. போன் அடித்தால் ஓடிப்போய்ப் பார்ப்பேன், கடன்காரனாக இருக்கும். பூத்திருக்காது, பூத்தும் தேனீ வந்திருக்காது, பொன்னுத்தாய் ரயிலேறியிருப்பாள் என்று ஒவ்வொரு நாளும் ஒன்று நினைத்தேன். ஒரு வரிச் செடிக்காக இப்படி வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. எஸ்டேட் செடிக்கு நான் எதற்கு வேண்டப் போகிறேன்.

மாசி கடைசியில் ஒரு சாயங்காலம் வேலம்மாவின் எண்ணிலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. கடையில் செல்வம் மட்டும் இருந்தான். சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தேன். முதலில் காற்று. பிறகு யாரோ நடக்கும் சருகுச் சத்தம். பிறகு நடை நின்று, ஒரே இரைச்சல், மெல்லியதாகத் தொடங்கி, போனைச் செடிக்குள் நீட்டியிருப்பாள் போல, கடை முழுக்க நிறைந்தது.

"என்ன அக்கா, போன் கெட்டுப்போச்சா? இரையுதே" என்றான் செல்வம்.

"வாயை மூடிக்கிட்டுக் கேளுடா."

இரைச்சல் நிற்கவே இல்லை. அதற்கு நடுவில் வேலம்மாவின் குரல். "மிளாக்கா, இது உங்க வரி. ஒரு காம்புக்கு ரெண்டு கதிரு பூத்துக் கெடக்கு. கேக்குதா?" தூரத்தில் பொன்னுத்தாயின் சிரிப்பு கேட்டது. இந்தத் தடவை அது நடுவில் நிற்கவில்லை.

நான் அழுதுவிட்டேன். செல்வம் பயந்துபோய் எழுந்து நின்றான். அவனை உட்காரச் சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கெட்டிலை அடுப்பில் வைத்தேன். அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தேன்.

அவன் வழக்கம்போல் உள்ளங்கையை நீட்டினான். ஒரு கரண்டி சீனி போட்டேன். தம்ளரை வாங்கி ஒரு மிடறு குடித்தான். இன்னொரு மிடறு. குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தபோது, சீனி போட்டபடியே அவன் உள்ளங்கையில் இருந்தது.